மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுங்க?

உழவர் சந்தையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கறிவேப்பிலையைக் கையில் எடுத்து, மோந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள். "மருந்து அடிக்காத தழைதானுங்களேக்கா?" நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. "அடிச்சதுதானுங்க. அடிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க."

காரமடைப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். கறிவேப்பிலைதான் பெரிய வெள்ளாமை. கூடவே கொஞ்சம் வெண்டை, தக்காளி. இந்த வட்டாரத்துச் செங்காம்புத் தழை மேட்டுப்பாளையத்தில் லாரி ஏறி, வாளையாறு தாண்டிக் கேரளா வரைக்கும் போகிறது. 2015 வாக்கில் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் என்று அங்கே பெரிய சத்தம் கிளம்பியபோது, அடிபட்ட பெயர்களில் கறிவேப்பிலை முக்கியமானது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தழையை அறுத்ததும் செடி துளிர்விடும். துளிர் வந்தால் சாறு உறிஞ்சும் பூச்சி வந்து மொய்க்கும். பூச்சிக்கு மருந்து, அடுத்த அறுப்பு, மறுபடி துளிர், மறுபடி மருந்து. கத்தரிக்காயை விட, தக்காளியை விட, எடைக்கு எடை பார்த்தால் இலையில் மருந்து படியும் பரப்பு பல மடங்கு. தோல் சீவவும் வழியில்லை. ஆகவே கழுவுவது எப்படி என்று சொல்ல இந்தத் தழையை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

மேலே இருப்பது, உள்ளே போனது

பூச்சிமருந்துக் கடையில் கிடைப்பதை எல்லாம் ஒரே சாமான் என்று நினைத்தால் கழுவுகிற வேலை பாதி வீண். சைபர்மெத்ரின், குயினால்பாஸ், மாலத்தியான், தக்காளிக்கு அடிக்கும் மேன்கோசெப் போன்றவை பெரும்பாலும் தோலின் மேலேயே நிற்கும். அவற்றைத் தண்ணீரும் தேய்ப்பும் ஓரளவு இறக்கிவிடும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், டைமீத்தோயேட், அசிபேட் வகையறா வேறு ஜாதி. இவை ஊடுருவும் நஞ்சு. இலையில் பட்டால் சாற்றோடு சாறாகச் செடிக்குள் போய்விடும். அதற்காகத்தான் அதை அடிப்பதே. உள்ளே போனதை எந்தக் கரைசலும் முழுசாக வெளியே இழுக்காது. செடியே அதை உடைத்துத் தீர்க்க நாள் கொடுக்க வேண்டும்.

உடைவது எல்லாம் நல்லதாக உடைவதும் இல்லை. அசிபேட் செடிக்குள் மெத்தாமிடோபாஸாகவும், டைமீத்தோயேட் ஓமீத்தோயேட்டாகவும் மாறும். இரண்டுமே தாயை விடக் கொடிய பிள்ளைகள். பிறகு அவையும் சிதையும். இதனால்தான் மருந்துப் புட்டியின் சீட்டில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாளை, அதாவது அடித்ததற்கும் பறிப்பதற்கும் நடுவே விட வேண்டிய நாளை, நம் வசதிக்குக் குறைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் காய் கழுவ பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதை ஒட்டித்தான். குளோரின் கிருமிக்கு நல்லது. ஆனால் மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் மருந்துகளை அது மாலாக்சான் மாதிரியான இன்னும் கடுமையான பொருளாக மாற்றிவிடும். ஓசோன் விட்டுக் காய் கழுவும் மிஷினுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். அதன் விலைக்கு இரண்டு வருசத்துக்கு வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டுக்கொள்ளலாம்.

சமையல்கட்டில்

முதலில் ஒன்று. நறுக்குவதற்கு முன்னால் கழுவுங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் தோலில் இருந்தது வெட்டுவாய்க்குள் போகும்.

கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் நான் செய்வது, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகத்தார் மக்களுக்குச் சொன்ன புளித்தண்ணீர் முறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புளி, அதாவது பெரிய நெல்லிக்காய் அளவு. கரைத்து வடிகட்டி, அகலமான குண்டாவில் ஊற்றி, தழையை ஈர்க்கோடு முங்க வைக்க வேண்டும். கால் மணி நேரம் போதும். தழை மிதக்கும், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். நேரமானதும் குண்டாவைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்காதீர்கள். தழையைத் தூக்கி எடுங்கள். சாய்த்தால் அடியில் இறங்கிய மண்ணும் தூசியும் திரும்ப இலைமேலேயே வந்து உட்காரும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் ஈர்க்கு ஈர்க்காகப் பிடித்து, விரலால் மேலிருந்து கீழே உருவிக் கழுவ வேண்டும். உருவும்போது இலையின் அடிப்பக்கத்தில் பிசுபிசுப்பு விரலில் ஒட்டினால், அது பெரும்பாலும் பூச்சி கழித்த தேன் கழிவு. அது போகிற வரைக்கும் தேயுங்கள். மருந்தும் அதில்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு துணியில் உலர்த்தி டப்பாவில் போட்டுவிடலாம்.

"நாங்க கறிவேப்பிலையைத் திங்கறதே இல்லீங்க, ஒதுக்கிப் போட்டுருவோம்" என்பவர்கள் உண்டு. சரி, தாளிப்பது எதில்? எண்ணெயில். இந்த மருந்துகளில் பல, தண்ணீரை விட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. இலையை ஒதுக்கிவிடுவீர்கள், எண்ணெய் சோற்றோடு போகும்.

தக்காளி, திராட்சை, ஆப்பிள், குடமிளகாய் போன்ற வழவழப்பான தோலுக்குச் சமையல் சோடா நல்லது. 2017இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆப்பிளில் சோதித்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 10 கிராம் சோடா கலந்த தண்ணீரில் ஊறவைத்தபோது, மேலே இருந்த தயாபெண்டசோல் என்ற பூசண மருந்து போக 12 நிமிடமும், பாஸ்மெட் என்ற பூச்சி மருந்து போக 15 நிமிடமும் ஆயின. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மருந்து பூசி 24 மணி நேரத்துக்குள் தயாபெண்டசோலில் 20 சதவீதமும் பாஸ்மெட்டில் 4.4 சதவீதமும் தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தன. அதைச் சோடாவால் தொட முடியவில்லை. அளவு என்று பார்த்தால் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி. சோடாவின் காரம் சில மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். இரண்டு நிமிடம் முக்கி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுவதும் வேண்டாம். நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு வெறும் உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும்.

தக்காளியில் காம்புக் குழியைச் சுற்றி வெளிர்மஞ்சளாக ஒரு பூச்சு காய்ந்திருந்தால் அது மேன்கோசெப்பாக இருக்கலாம். கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கத்துத் தக்காளியில் மழைக்காலத்தில் இதை நிறையப் பார்க்கலாம். கருகல் நோய்க்கு அது இல்லாமல் நம்மவர்கள் பண்ணையம் பார்ப்பதில்லை. இதைக் கட்டாயம் சமைக்கும் முன்பே தேய்த்துக் கழுவியாக வேண்டும். சூட்டில் மேன்கோசெப், எத்திலீன் தயோயூரியா என்ற பொருளாக மாறும். தைராய்டைக் கெடுக்கும் சாமான் அது. 'கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துப்போகும்' என்பது கிருமிக்குப் பொருந்தும், மருந்துக்கு அப்படியே பொருந்தாது.

முட்டைக்கோஸில் வெளி மடல் இரண்டு மூன்றை உரித்துக் குப்பையில் போடுங்கள். மாட்டுக்குப் போட வேண்டாம். கத்தரிக்காயில் காம்புத் தொப்பிக்கு அடியில்தான் மருந்துத் தண்ணீர் தேங்கிக் காயும். அந்தத் தொப்பியை நீக்கிவிட்டுச் சமையுங்கள். காலிபிளவரைச் சின்னச் சின்னப் பூவாகப் பிரித்து, லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசலாம். மஞ்சள்தூள் கலந்த வெந்நீர் புழு வெளியே வருவதற்கு. அதில் மருந்து போய்விடும் என்று நம்ப வேண்டாம், அது ஈரோட்டு மஞ்சளாகவே இருந்தாலும். பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். காய்த்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சோப்பு உள்ளே இறங்கி, ஒன்றைக் கழுவப்போய் இன்னொன்றைத் தின்ன வேண்டியதாகும்.

வெண்டைக்காய்க் கணக்கு

தோட்டக்காரர்களுக்காக இந்தப் பகுதி. வாங்குகிறவர்களும் படியுங்கள், கேள்வி கேட்க உதவும்.

வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றிவிடும், முற்றிய காயைச் சந்தையில் சீந்துவாரில்லை. புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட்டுக்கு வெண்டையில் காத்திருப்பு 5 நாள். அப்படியானால் அடித்த பிறகு இரண்டு பறிப்பைக் கீழே கொட்ட வேண்டும். எத்தனை பேர் கொட்டுவார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். காய்கறியில் எச்சம் மிஞ்சுவதற்குப் பெரிய காரணம் இந்த நாள் கணக்கு இடிப்பதுதான். பேராசை அதற்கு அப்புறம்தான்.

ஆகவே பறிப்பு ஓடும் காலத்தில் நீண்ட காத்திருப்பு உள்ள மருந்தைத் தொடவே கூடாது. பூப்பதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதிசோப் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடிக்கலாம். அதையும் மீறி மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், பறித்து முடித்த அன்று சாயங்காலமே அடியுங்கள். காத்திருப்பு நாளுக்குள் வரும் காயைப் பறித்துக் குழியில் போடுங்கள். இந்தக் காயையும் மாட்டுக்குப் போடாதீர்கள். கொழுப்பில் ஒட்டும் மருந்து பாலில் வெண்ணெயோடு வந்து நிற்கும்.

சீட்டைப் பயிர்வாரியாகப் படியுங்கள். இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதக் கரைசலுக்குத் தக்காளியிலும் வெண்டையிலும் காத்திருப்பு 3 நாள். மிளகாயில் 40 நாள். ஒரே புட்டிதான், ஆனால் பக்கத்துப் பாத்திக்கு வேறு கணக்கு. சீட்டில் உங்கள் பயிரின் பெயரே இல்லையென்றால் அந்த மருந்து அந்தப் பயிருக்கு இல்லை. கறிவேப்பிலைக்காரர்களுக்கு இது கசப்பான செய்தி. அடிக்கிற மருந்தில் பலவற்றின் சீட்டில் கறிவேப்பிலை என்ற பெயரே இருக்காது.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. நம் போர்த் தண்ணீர். பல்லடம், அவிநாசி, காரமடை என்று எங்கே குழி போட்டாலும் உப்பும் காரமும் ஏறிய தண்ணீர்தான் வருகிறது. மாலத்தியான் போன்ற மருந்துகள் காரத் தண்ணீரில் வேகமாக உடையும். டேங்கில் கலக்கிவிட்டு டீ குடிக்கப் போய்வந்தால், மருந்தின் வீரியம் அங்கேயே இறங்க ஆரம்பித்துவிடும். பூச்சி சாகவில்லை என்று கடைக்காரரிடம் போனால், "டோஸைக் கூட்டுங்க" என்பார். கூட்டியது காயில் எச்சமாக நிற்கும். மழைத்தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் கிடைத்தால் அதில் கலக்குங்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் கலக்கிய கையோடு அடித்து முடியுங்கள்.

மண்ணுக்குள் தின்கிறவர்கள்

1973இல் பிலிப்பைன்ஸ் நெல் வயல் ஒன்றிலிருந்து, சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானியும் யோஷிடாவும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். டையாசினான் என்ற பூச்சி மருந்தைப் போட்டுப் போட்டுப் பழகிய வயல் அது. அந்த பாக்டீரியா டையாசினானையும் பாரத்தியானையும் உடைத்தது. இன்று உலகம் முழுக்கப் பாஸ்பரஸ் மருந்தைச் சிதைக்கும் நொதி பற்றிய ஆராய்ச்சியில் அந்தக் கண்டுபிடிப்பின் வேர் இருக்கிறது. தோட்டக்காரருக்கு இதில் என்ன? மருந்தைத் தின்கிற உயிர் உங்கள் மண்ணிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு வேண்டியது மூன்று: ஈரம், மக்கு, காற்று. சித்திரை வெயிலில் வறண்டு வெடித்துக் கிடக்கும் காட்டில் அதற்கு வேலை ஓடாது.

மருந்தை நிறுத்தியதும் தழைச்சத்துப் பயிர் விதையுங்கள். சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு, கம்பு, எள் என்று கையில் கிடைத்ததைக் கலந்து விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். ஆட்டுப்பட்டி அடைக்க ஆள் கிடைத்தால் விடாதீர்கள். இப்போதைய மருந்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பராமரித்தால் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ தேயும். இயற்கை வேளாண்மைச் சான்றுக்கு ஒரு பருவப் பயிருக்கு 2 வருசம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருசம் மாறுகாலம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அப்பாரு காலத்து டி.டி.டி., பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடிகள் இந்தக் கணக்கில் வராது. டி.டி.டி.யை விவசாயத்தில் 1989இலேயே தடை செய்தார்கள். ஆனால் அது மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 வருசம் வரை ஆகலாம். பழைய மருந்துக் கிடங்கோ, பொடி மூட்டை அடுக்கிய சாளையோ இருந்த இடத்தில் பூசணிக் குடும்பக் கொடிகளைப் போடாதீர்கள். அந்தக் குடும்பம் இத்தகைய எச்சத்தை வேர்வழியே இழுப்பதில் பேர்போனது. அந்த இடத்தில் தேக்கோ வேம்போ நட்டுவிடுவது நல்லது.

கிணற்றுமேடு

தெளிப்பில் சிதறுவதை விட, மருந்து கலக்கும் இடத்தில் சிந்துவது மோசம். மக்காச்சோளக் களைக்கு அடிக்கும் அட்ரசின் 50 சதவீதப் பொடியில் ஒரே ஒரு கிராமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அரை கிராம் அட்ரசின். குடிநீரில் இந்தியத் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த ஒரு கிராம் வரம்புக்குக் கொண்டுபோய்விடும். நம்மவர்கள் டேங்கைக் கழுவுவது எங்கே? கிணற்றுமேட்டில், தொட்டியடியில், வாய்க்கால் தலைமாட்டில்.

காலிப் புட்டியில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு புட்டியில் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் யாராவது அதில் எண்ணெய் வாங்கப் போவார்கள். சிந்திய இடத்தில் தண்ணீர் விட்டு அலசாதீர்கள். மண்ணையோ மரத்தூளையோ கொட்டி உறிஞ்ச விட்டு, வழித்து எடுங்கள்.

டேங்க் கழுவுவதற்கென்று கிணற்றிலிருந்து தள்ளி ஒரு படுக்கை போடலாம். ஸ்வீடனில் 1993இல் தொடங்கிய யோசனை இது. குழியின் அடியில் 10 சென்டிமீட்டர் களிமண்ணை இறுக்க வேண்டும். அதற்கு மேல் அரை மீட்டர் கலவை: இரண்டு பங்கு வைக்கோல், ஒரு பங்கு அந்த ஊர்ச் சதுப்பு நிலத்துக் கரிமக்கு (பீட்), ஒரு பங்கு தோட்ட மண். மேலே புல். வைக்கோலை மட்க வைக்கும் வெள்ளைப் பூசணங்கள் மரச்சத்தை உடைக்கிற அதே நொதியால் மருந்தையும் உடைக்கும். கரிமக்குக்கு நாம் ஸ்வீடனுக்குப் போக வேண்டியதில்லை, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. ஆனால் பச்சை நார்க்கழிவைப் போடாதீர்கள். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்து 5 புட்டியும் போட்டு, அடுக்கி, ஈரம் காய விடாமல் மட்க வைத்த நார்க்கழிவாக இருக்க வேண்டும். சிப்பிக்காளானும் அந்த வெள்ளைப் பூசணச் சாதிதான். படுக்கையைத் தண்ணீர் தேங்காமல், காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் ஓடிவந்து இறங்காதபடி வரப்புக் கட்டுங்கள். சில வருசம் கழித்துக் கலவையை மாற்றும்போது, பழையதை ஒரு வருசம் தனியாகக் குவித்து வைத்துவிட்டு, காய்கறிப் பாத்தியில் போடாமல் மரங்களுக்குப் போடலாம்.

குடிக்கிற தண்ணீரில் சந்தேகம் இருந்தால் காய்ச்சிப் பயனில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட மருந்து அடர்த்தியாகவும் செய்யலாம். கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) உள்ள வடிகட்டியோ ஆர்.ஓ.வோ வேண்டும். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) சுட்டெடுக்கும் கரியில் இருந்துதான் அந்தக் கரி வருகிறது. அதற்காக அடுப்புக் கரியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அது வடிகட்டி ஆகாது. ஆவி விட்டுக் கிளர்வூட்டினால்தான் அதற்கு அந்தப் பிடிப்பு வரும்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் உண்டு. மாதிரியைக் கழுவாமல், வெவ்வேறு செடிகளில் இருந்து கலந்து பறித்து, மருந்து வாசம் படாத புதுப் பையில் போட்டு, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என்று எழுதிக் கொடுங்கள். மறைத்தால் அவர்கள் தேடாத மருந்து அறிக்கையில் வராது. அறிக்கையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை அந்தப் பயிருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்போடு ஒப்பிட வேண்டும். தனி வரம்பு எதுவும் இல்லாத மருந்துக்குப் பொதுவாக 0.01 என்ற அளவை வைத்துப் பார்ப்பார்கள். 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், அந்தக் கருவி எந்த அளவுக்குக் கீழே பார்க்காது என்பதையும் அதே தாளில் எழுதியிருப்பார்கள். அதையும் சேர்த்துப் படியுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டும்போது மாதிரி எடுத்த தேதியையும் மறைக்காமல் காட்டுங்கள்.